‘சொப்ரானோஸ்’ தொடரின் ‘காலேஜ்’ எபிசோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வரவேற்பறையில் சனிக்கிழமை இரவுகளில் ஏழெட்டுப் பேர் கூடி ‘த சொப்ரானோஸ்’ பார்த்து வருகிறோம். வாரத்துக்கு ஒரு எபிசோடு, அப்புறம் தேநீர், அப்புறம் பேச்சு. ஐந்தாவது எபிசோடான ‘காலேஜ்’ முடிந்த இரவு யாரும் எழுந்து போகவில்லை. கடைசி ரயிலைத் தவறவிட்ட இரண்டு பேர் டாக்சி பிடித்துத்தான் வீடு போய்ச் சேர்ந்தார்கள். அன்று கேட்கப்பட்ட கேள்விகளும், மறுநாளிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்துகொண்டே இருந்த கேள்விகளும்தான் இவை. கதை முழுவதையும் சொல்லப் போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.

இது என்ன தொடர்? இந்த எபிசோடு எப்போது வந்தது?

அமெரிக்காவின் எச்பிஓ ஒளிபரப்பிய தொடர். நியூ ஜெர்சியில் வாழும் இத்தாலிய வம்சாவளி மாஃபியா குடும்பத்தின் கதை. 1999 ஜனவரியில் தொடங்கி 2007 ஜூனில் முடிந்தது. ஆறு சீசன், மொத்தம் 86 எபிசோடு. உருவாக்கியவர் டேவிட் சேஸ். குடும்பத் தலைவன் டோனியாக ஜேம்ஸ் காண்டோல்ஃபினி, மனைவி கார்மேலாவாக ஈடி ஃபால்கோ, மகள் மெடோவாக ஜேமி-லின் சிக்லர்.

‘காலேஜ்’ 1999 பிப்ரவரி 7ஆம் தேதி ஒளிபரப்பானது. ஜேம்ஸ் மேனோஸ் ஜூனியரும் டேவிட் சேஸும் சேர்ந்து எழுத, ஆலன் கூல்டர் இயக்கினார். அந்த ஆண்டு நாடகத் தொடர்களில் சிறந்த எழுத்துக்கான எம்மி விருது இந்த எபிசோடுக்குத்தான் கிடைத்தது.

முதல் நாலு எபிசோடைப் பார்க்காமல் நேரே இதைப் பார்க்கலாமா?

தாராளமாகப் பார்க்கலாம். டோனி மாஃபியாக்காரன், வெளியே சொல்லிக்கொள்ளும் தொழில் குப்பை அகற்றும் வியாபாரம், திடீர் திடீரென்று மயங்கி விழுவதால் ரகசியமாக ஒரு மனநல மருத்துவரிடம் போகிறான். இவ்வளவு தெரிந்தால் போதும். ஒரு மணி நேரத்துக்குள் தொடங்கி முடியும் தனிச் சிறுகதை போல இருக்கும். தொடருக்குப் புதியவர்களுக்கு நான் முதலில் போட்டுக் காட்டுவதே இதைத்தான்.

கதையைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

டோனி தன் மகள் மெடோவைக் கல்லூரி பார்க்க அழைத்துப் போகிறான். அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மேய்ன் மாநிலம். பேட்ஸ், கோல்பி, போடன் என்று மூன்று கல்லூரி. வழியில் ஒரு பெட்ரோல் நிலையத்தில் தற்செயலாக ஒருவனைப் பார்க்கிறான். ஃபேபியன் பெட்ரூலியோ. பல வருடங்களுக்கு முன்பு கூட்டாளிகளைப் போலீசிடம் காட்டிக் கொடுத்துவிட்டு, அரசாங்கத்தின் சாட்சிப் பாதுகாப்பில் மறைந்து போனவன். இப்போது ஃப்ரெட் பீட்டர்ஸ் என்ற பெயரில் மனைவி, மகளோடு சிற்றூரில் பயண முகவர் கடை வைத்திருக்கிறான்.

அதற்குப் பிறகு டோனிக்கு இரண்டு வேலை. பகலில் மகளை நேர்காணலுக்குக் கொண்டுவிடும் அப்பா. இடையிடையே பொதுத்தொலைபேசியில் ஊரில் இருக்கும் தன் கையாள் கிறிஸ்டோபரோடு கிசுகிசுக்கும் வேட்டைக்காரன். பெட்ரூலியோவும் சும்மா இல்லை. யாரோ தன்னை விசாரிக்கிறார்கள் என்று மோப்பம் பிடித்து, துப்பாக்கியோடு டோனியின் விடுதி வரை வந்துவிடுகிறான். அப்போது டோனி, குடித்துவிட்டுத் தள்ளாடும் மகளைக் கைத்தாங்கலாக அறைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருக்கிறான். அக்கம்பக்கத்தில் ஆள் நடமாட்டம். பெட்ரூலியோ சுடாமல் திரும்பிவிடுகிறான். மறுநாள் காலை மகளைக் கோல்பி வாசலில் இறக்கிவிட்டு, டோனி போய் அவனைக் கம்பியால் கழுத்தை நெரித்துக் கொல்கிறான்.

அதே நேரம் நியூ ஜெர்சி வீட்டில் கார்மேலா காய்ச்சலோடு தனியாக இருக்கிறாள். கொட்டும் மழையில் ஃபாதர் ஃபில் வந்து கதவைத் தட்டுகிறார்.

கொலையைவிடக் காரில் நடக்கும் பேச்சைப் பற்றியே அதிகம் பேசுகிறீர்களே, ஏன்?

எபிசோடின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்று நம்புகிறேன். மெடோ ஓடும் காரில், முன்னால் சாலையைப் பார்த்தபடி, “நீங்கள் மாஃபியாவா?” என்று கேட்கிறாள். டோனி முதலில் எல்லா அப்பாக்களையும் போலக் கோபப்படுகிறான். யார் சொன்னது, குப்பை வியாபாரம் செய்தாலே இப்படித்தான் பேசுவார்கள், மாஃபியா என்று ஒன்று கிடையவே கிடையாது என்கிறான். மெடோ விடவில்லை. ஈஸ்டர் முட்டை தேடி விளையாடும்போது வேறு எந்த வீட்டுப் பிள்ளைகளுக்காவது ஐம்பதாயிரம் டாலர் மதிப்புள்ள தங்கக் காசுகளும் ஒரு கைத்துப்பாக்கியும் கிடைத்திருக்கிறதா என்று கேட்கிறாள்.

டோனி கொஞ்ச நேரம் பேசாமல் ஓட்டுகிறான். பிறகு, தன் பணத்தில் ஒரு பகுதி சட்டவிரோதச் சூதாட்டத்திலிருந்தும் அது மாதிரி சிலவற்றிலிருந்தும் வருகிறது என்று ஒப்புக்கொள்கிறான். அந்த “அது மாதிரி சிலவற்றிலிருந்தும்” என்ற இடத்தைக் கவனியுங்கள். கொலை, கந்துவட்டி, மிரட்டல், தீவைப்பு எல்லாம் அந்த மூன்று வார்த்தைக்குள் அடங்கிவிடுகின்றன. சிங்கப்பூர்க்காரர்கள் காதில் அது இன்னும் சாதுவாக விழும். சட்டவிரோதச் சூதாட்டம் என்றதும் நமக்கு நினைவு வருவது காப்பிக்கடையில் நாலு நம்பர் லாட்டரிப் பந்தயம் எழுதி வாங்கும் ஆள்தான். எது கேட்பதற்குத் தாங்கக்கூடியதோ அதை மட்டும் எடுத்துச் சொல்கிறான். மகளும் பதிலுக்கு ஒன்றைத் தருகிறாள். இரவு உணவின்போது, தேர்வுக்குப் படிக்கத் தூக்கம் வராமல் இருக்கப் போதை மாத்திரை எடுத்தேன் என்கிறாள். ஆளுக்குப் பாதி உண்மை. அந்தப் பாதி உண்மையில் அவர்கள் முன்னெப்போதையும்விட நெருங்கிவிடுகிறார்கள். பொய்யே இல்லாத நெருக்கம் அந்தக் குடும்பத்தில் சாத்தியம் இல்லை. எதைச் சொல்வது, எதை விடுவது என்று இரண்டு பேரும் பேசாமலே ஒரு கணக்குக்கு வருகிறார்கள்.

இது எனக்கு ஏன் இவ்வளவு உறைத்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் அப்பா டாக்சி ஓட்டியவர். பல்கலைக்கழகப் பொது வரவேற்பு நாளன்று என்னைத் தன் டாக்சியிலேயே ஜூரோங் மேற்குக்கு அழைத்துப் போனார். விரைவுச்சாலையில் போகும்போது, “அப்பா, கட்டணத்துக்கு என்ன பண்ணப் போறீங்க?” என்று கேட்டேன். மீட்டரைப் பார்த்துக்கொண்டே, “ராத்திரி ஷிஃப்டும் சேர்த்து ஓட்டுறேன்மா, பார்த்துக்கலாம்” என்றார். மீட்டர் ஓடவே இல்லை, பயணி நான்தானே. அவர் சொன்னது உண்மைதான், இரவும் ஓட்டினார். ஆனால் அம்மாவின் தாலிக்கொடி தேக்கா அடகுக்கடையில் இருந்தது எனக்கு மூன்று வருடம் கழித்துத்தான் தெரிந்தது. என் அப்பா செய்ததற்கும் டோனி செய்ததற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் முகம் பார்க்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பேசும்போதுதான் அப்பாவும் மகளும் சிலவற்றைச் சொல்ல முடிகிறது, சிலவற்றை மறைக்கவும் முடிகிறது. அந்தக் காரின் முன்னிருக்கையை எழுதியவர்கள் நன்றாக அறிந்து எழுதியிருக்கிறார்கள்.

பெட்ரூலியோ திருந்தி வாழ்கிறான். அவனை விட்டுவிட்டால் டோனிக்கு என்ன நஷ்டம்?

பணக் கணக்கில் ஒரு நஷ்டமும் இல்லை. ஆனால் மாஃபியாவில் சேரும்போது செய்யும் சத்தியத்தின் அடிப்படையே வாய் திறக்காமை. அதற்கு ஒமெர்ட்டா என்று பெயர். சேர்ந்த நாளில் நீ எடுத்த சத்தியத்தை மீறிவிட்டாய் என்பதுதான் கழுத்தை நெரிக்கும்போது டோனி சொல்லும் காரணமும்.

வரலாற்றில் இதன் பின்னணி பெரியது. 1963ல் ஜோசப் வலாச்சி என்பவர் அமெரிக்க செனட் குழுவின் முன் உட்கார்ந்து, தானும் உறுப்பினராக இருந்த அமைப்பைப் பற்றிப் பகிரங்கமாகப் பேசினார். அதுவரை உள்ளே இருந்த யாரும் அப்படிப் பேசியதில்லை. 1970ல் வந்த சட்டங்களின் வழியாகச் சாட்சிகளுக்குப் புதுப் பெயர், புது ஊர், புது அடையாளம் கொடுத்து மறைத்து வைக்கும் திட்டம் பிறந்தது. மாஃபியாக் குடும்பங்களை உடைத்ததில் அந்தத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே டோனியின் கண்ணுக்கு பெட்ரூலியோ ஒரு தனி மனிதன் அல்ல. தன் உலகத்தைக் கரையான் போல அரித்த ஒன்றின் உருவம்.

சிங்கப்பூரில் இப்படிச் சாட்சிகளை மறைத்து வைப்பார்களா?

எங்கள் கூட்டத்தில் அதிகம் விவாதிக்கப்பட்ட கேள்வி இது. இங்கேயும் ரகசியக் கும்பல்கள் இருந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே சத்தியம், சடங்கு, துரோகிக்குத் தண்டனை எல்லாம் அவற்றுக்கும் உண்டு. ஆனால் அவற்றைக் கையாண்ட வழி வேறு. 1955ல் கொண்டுவரப்பட்ட குற்றவியல் சட்ட (தற்காலிக விதிகள்) சட்டத்தின்கீழ், கும்பல் ஆட்களை நீதிமன்ற விசாரணை இல்லாமலே தடுப்புக் காவலில் வைக்கலாம். அதற்கு அரசாங்கம் சொல்லிவரும் முக்கியக் காரணம், பழிவாங்கப்படுவோம் என்று அஞ்சிச் சாட்சிகள் முன்வருவதில்லை என்பது. பெயரில் தற்காலிகம் என்றிருந்தாலும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் அதை நீட்டித்து வருகிறது.

அமெரிக்காவில் சாட்சியை ஒளித்து வைத்தார்கள். இங்கே சாட்சி கூண்டில் ஏற வேண்டிய தேவையே இல்லாமல் செய்தார்கள். பயம் ஒன்றுதான், வழிகள் வேறு. இது தெரிந்த பிறகு அந்தச் சிற்றூர் பயண முகவர் கடையைப் பார்த்தால், அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஒரு மனிதன் எத்தனை வருடமாகத் தூங்காமல் இருந்திருப்பான் என்று தோன்றும்.

இந்தக் கொலைக்கு எச்பிஓ எதிர்ப்பு தெரிவித்ததாமே?

ஆம். அப்போது எச்பிஓவில் பொறுப்பில் இருந்த கிறிஸ் ஆல்பிரெக்ட் கவலைப்பட்டார். நாலு எபிசோடில் மக்கள் டோனியை நேசிக்கத் தொடங்கிவிட்டார்கள், இப்போது அவன் தன் கையாலேயே ஒருவனைக் கொன்றால் வெறுத்துவிடுவார்கள் என்றார். டேவிட் சேஸின் வாதம் நேரெதிர். காட்டிக் கொடுத்தவனைக் கண்டும் விட்டுவிட்டால் அவன் என்ன மாஃபியாக்காரன், பார்வையாளர்கள் அவனை நம்பவே மாட்டார்கள் என்றார். கடைசியில் கொலை தங்கியது. பெட்ரூலியோவைக் கொஞ்சம் மோசமானவனாகக் காட்டும் விஷயங்கள் சேர்க்கப்பட்டன: அவன் போதைப்பொருள் விற்பது, டோனியைக் கொல்ல ஆள் தேடுவது.

என் கருத்தில் அந்தச் சேர்க்கைகள் தேவையே இல்லை. அவை பார்ப்பவர்களுக்குக் கொடுத்த சின்னச் சமாதானம். கொலைக் காட்சியில் கேமரா யாருடைய முகத்தில் நிற்கிறது என்று பாருங்கள். டோனியின் முகத்தில். பற்களைக் கடித்து, மூச்சு வாங்கி, முழு உடல் பலத்தையும் போட்டு இழுக்கிறான். கம்பி அவன் கையையே அறுக்கிறது. பக்கத்தில் இருந்து பார்க்கும்போது கொலை என்பது எவ்வளவு நேரம் பிடிக்கும் வேலை என்று தெரிகிறது. அதைப் பார்த்த பிறகும், அவன் மகளை அழைத்துவரத் தாமதமாகிவிட்டதே என்று நம் மனம் பதறுகிறது. அதுவரை தொலைக்காட்சித் தொடரின் நாயகன் இப்படி நடந்துகொண்டதில்லை. பின்னாளில் வந்த எத்தனையோ தொடர்களுக்கு இங்கேதான் கதவு திறந்தது. ஜேம்ஸ் மேனோஸே பிறகு ‘டெக்ஸ்டர்’ என்ற தொடரை உருவாக்கினார். அதில் நாயகனே தொடர் கொலைகாரன்.

ஃபாதர் ஃபிலும் கார்மேலாவும் வரும் பகுதி சலிப்பாக இருந்தது. அது எதற்கு?

இந்தக் கேள்வியைக் கேட்டவர்களிடம் இன்னொரு முறை பாருங்கள் என்றுதான் கெஞ்சுவேன். எனக்கும் முதல் தடவை அப்படித்தான் இருந்தது. எங்கள் கூட்டத்தில் ஒரு அக்கா இருக்கிறார். ஓஃபிர் ரோட்டில் இருக்கும் லூர்து மாதா ஆலயத்துக்கு, அதாவது 1888ல் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காகக் கட்டப்பட்ட கோயிலுக்கு, சின்ன வயதிலிருந்தே போகிறவர். அவர் விளக்கிச் சொன்ன பிறகுதான் எனக்குக் கண் திறந்தது.

ஃபாதர் சாப்பாட்டுப் பிரியர். கார்மேலா சுட வைத்துக் கொடுக்கும் ஸீட்டி என்ற பாஸ்தாவை ரசித்துச் சாப்பிடுகிறார், வைன் குடிக்கிறார், இருவரும் ‘த ரிமெயின்ஸ் ஆஃப் த டே’ படம் பார்க்கிறார்கள். மனத்தில் இருப்பதைக் கடைசிவரை சொல்லாத இரண்டு பேரின் கதை அது. சோபாவில் உட்கார்ந்திருக்கும் இவர்களும் அப்படித்தான். பிறகு கார்மேலா உடைந்து அழுது பாவசங்கீர்த்தனம் செய்கிறாள். கணவன் செய்வதெல்லாம் தெரியும், பிள்ளைகளுக்கு வசதி வேண்டும் என்பதற்காகத் தீமையை வீட்டுக்குள் அனுமதித்தேன், கடவுள் தண்டிப்பார் என்று பயமாக இருக்கிறது என்கிறாள். ஃபாதர் பாவமன்னிப்பு கொடுக்கிறார், கையோடு கொண்டுவந்த நற்கருணையையும் கொடுக்கிறார்.

இங்கேதான் அந்த அக்கா சொன்னது: “மனஸ்தாபம், அதான் செஞ்ச பாவத்துக்கு வருந்துறது, அது மட்டும் போதாதுப்பா. இனிமேல் செய்ய மாட்டேன்னு ஒரு தீர்மானம் வேணும். அந்தப் பொண்ணு எதை விடப்போறா? வீட்டையா, நகையையா?” கார்மேலா அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. ஃபாதரும் அழுத்திக் கேட்பதில்லை. மகள் காரில் அப்பாவிடமிருந்து பாதி உண்மையை வாங்கிக்கொண்டாள். அம்மா வீட்டில் கடவுளிடம் பாதி மன்னிப்பை வாங்கிக்கொள்கிறாள். இரண்டு கதையும் ஒரே கதை என்று அப்போதுதான் பிடிபட்டது.

இரவு இருவரும் முத்தமிடும் அளவுக்கு நெருங்குகிறார்கள். ஃபாதருக்குக் குமட்டிக்கொண்டு வர, குளியலறைக்கு ஓடுகிறார். அந்த இடத்தில் பலர் சிரிப்பார்கள். எனக்கு கார்மேலாவின் முகத்தைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை.

டோனி திரும்பி வந்ததும் கார்மேலா ஏன் கோபப்படுகிறாள்?

பாதிரியார் இரவு இங்கேதான் தங்கினார் என்று கார்மேலா சொன்னதும் டோனி கிண்டல் செய்யத் தொடங்குகிறான். ஆனால் அவள் கையில் துருப்பு இருக்கிறது. டோனியின் மனநல மருத்துவர் சந்திப்பு நேரத்தை மாற்றுவதற்காக வீட்டுக்கு அழைத்திருந்தார். அழைப்பை எடுத்தவள் கார்மேலா. மருத்துவர் ஒரு பெண், பெயர் ஜெனிஃபர் என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிகிறது. வெறும் சிகிச்சைதான் என்கிறான் டோனி. அப்படியென்றால் ஏன் சொல்லவில்லை என்பதுதான் அவள் கேள்வி. நியாயமான கேள்வி.

போடன் கல்லூரிச் சுவரில் டோனி வாசிக்கும் வாசகம் என்ன?

நத்தானியல் ஹாதோர்ன் என்ற அமெரிக்க நாவலாசிரியரின் வரி. அவர் உண்மையிலேயே போடனில் படித்தவர், 1825ல் பட்டம் பெற்றவர். தனக்கு ஒரு முகமும் ஊருக்கு ஒரு முகமும் நெடுநாள் காட்டிக்கொண்டிருப்பவன், எது தன் உண்மை முகம் என்று தானே குழம்பிப் போவான் என்பது அதன் பொருள். கையில் கம்பி அறுத்த காயத்தோடு நின்று அதை வாசிக்கிறான். கொஞ்சம் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்களோ என்று எங்களில் இரண்டு பேர் குறைபட்டுக்கொண்டார்கள். அந்த வரி இல்லாமலும் எபிசோடு நின்றிருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் காண்டோல்ஃபினி அதைத் தலை தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பும் விதத்துக்காக அதை மன்னிக்கிறேன்.

கொலைக்குப் பிறகு வானத்தில் பறவைகளைப் பார்க்கிறானே?

முதல் எபிசோடில் டோனியின் நீச்சல் குளத்துக்கு வாத்துக் குடும்பம் ஒன்று வந்து தங்கும். அவை பறந்து போன பிறகுதான் அவன் மயங்கி விழுகிறான். குடும்பத்தை இழந்துவிடுவோம் என்ற பயம் அது என்று மருத்துவரோடு பேசிப் புரிந்துகொள்கிறான். அந்தப் பயம்தான் இங்கே தலைக்கு மேல் பறக்கிறது.

மேய்னில்தான் படம்பிடித்தார்களா?

இல்லை. நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கத்திலேயே எடுத்து மேய்ன் போலக் காட்டினார்கள்.

பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்க்கலாமா?

தொடர் முழுவதும் பெரியவர்களுக்கானது. வன்முறை, கெட்ட வார்த்தை, நிர்வாணம் எல்லாம் வரும். செயலியில் காட்டும் வயது வரம்பை மதியுங்கள். பதினெட்டைத் தாண்டிய பிள்ளை இருந்தால் இந்த ஒரு எபிசோடைச் சேர்ந்து பாருங்கள் என்று மனமாரச் சொல்வேன். முடிந்ததும் உடனே விளக்கைப் போட்டுப் பாடம் நடத்தாதீர்கள். எங்கள் கூட்டத்தில் ஒரு அண்ணன் தேசிய சேவையில் இருக்கும் மகனோடு பார்த்தார். இருவரும் எதுவும் பேசாமல் கீழே போய்ப் பரோட்டா சாப்பிட்டுவிட்டு வந்தார்களாம். திரும்பி வரும்போது மின்தூக்கியில்தான் மகன் பேச்சைத் தொடங்கினான் என்றார். என்ன பேசினான் என்று அவர் எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

வசனம் பல இடங்களில் புரியவில்லை. என்ன செய்வது?

ஆங்கிலத் துணைவரிகளைப் போட்டுக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சிக் கொச்சை, இத்தாலியச் சொற்கள், வாய்க்குள்ளேயே முனகுவது என்று எல்லாம் கலந்து வரும். அங்கே பிறந்து வளர்ந்தவர்களுக்கே சில இடம் சிரமம்தான்.

மெடோவுக்குத் தெரிந்துவிட்டதா, இல்லையா?

கோல்பி வாசலில் அப்பாவுக்காகக் காத்திருந்து காத்திருந்து அவள் காரில் ஏறுகிறாள். அவன் காலணியில் சேறு. கையில் ரத்தம். இரண்டையும் பார்க்கிறாள், இரண்டைப் பற்றியும் கேட்கிறாள். அவன் ஏதோ ஒரு பதில் சொல்கிறான். முந்தின நாள் அவ்வளவு மனம் விட்டுப் பேசிய அதே கார், அதே இருக்கைகள். என்னிடம் உண்மையைத்தானே சொல்வீர்கள் என்று அவள் மறுபடி கேட்கிறாள். ஆமாம் என்கிறான்.

அவளுக்குப் பெட்ரூலியோ யார் என்று தெரியாது. யாரோ ஒருவர் இறந்தார் என்றும் தெரியாது. ஆனால் அப்பா இப்போது பொய் சொல்கிறார் என்று தெரியும். இன்னும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும், அதுவும் அவளுக்குத் தெரியும். ஜேமி-லின் சிக்லருக்கு அப்போது பதினேழு வயது. அந்தக் கேள்வியை உதடு வரை கொண்டுவந்து, கேட்காமல், முகத்தை முன்பக்கம் திருப்பிக்கொள்கிறார்.